பவளத் தொட்டியில் குறையும் தண்ணீர்: தானாக நிரப்பப் பாதுகாப்பான வழி

ஐந்து நாள் வெளியூர்ப் பயணம் முடிந்து ஒரு குடும்பம் வீடு திரும்புகிறது. வரவேற்பறையில் உள்ள சிறிய கடல்நீர்த் தொட்டியில் மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால், தண்ணீர் மட்டம் இரண்டு விரற்கடை அளவு இறங்கிவிட்டது. கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருக்கிறது. பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. பதறிப்போன குடும்பத்தினர் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரேயடியாக ஊற்றுகிறார்கள். மறுநாள் காலையில் நத்தைகளும் இறால்களும் அசைவதில்லை.

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்போர் பலருக்கு இந்தக் காட்சி அந்நியமானதன்று. பெரிய தொட்டியைவிடச் சிறிய தொட்டியைப் பராமரிப்பதுதான் கடினம் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே ‘ஆட்டோ டாப் ஆஃப்’, சுருக்கமாக ‘ஏடிஓ’ எனப்படும் தானியங்கி நீர் நிரப்பும் கருவி இருக்கிறது. கருவி எளியதுதான். ஆனால் அதைத் தவறாகப் பொருத்தினால், அது தடுக்க வேண்டிய கேட்டை அதுவே விளைவித்துவிடும்.

உப்பு ஆவியாவதில்லை

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் தண்ணீர் குறையக் குறைய, எஞ்சிய தண்ணீரில் உப்புச் செறிவு ஏறுகிறது.

கடல்நீரின் சராசரி உப்புச் செறிவு ஆயிரத்தில் 35 பங்கு. 60 லிட்டர் தண்ணீர் கொண்ட ஒரு தொட்டி நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் இழப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் முடிவில் செறிவு ஏறக்குறைய 36 ஆகிறது. மூன்று நாளில் 37.8. ஐந்து நாளில் 40. ஏழு நாளில் 42ஐத் தாண்டிவிடுகிறது. இதே ஒன்றரை லிட்டர் இழப்பு 600 லிட்டர் தொட்டியில் ஏற்பட்டால் ஐந்து நாளில்கூட 35.5ஐ எட்டாது. சிறிய தொட்டியின் ஆபத்து இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் வீடுகளில் இந்த இழப்பு கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பவளங்களுக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். நம் வீடுகளின் வெப்பம் அதற்கு மேல். விலையுயர்ந்த குளிரூட்டும் கருவிக்குப் பதிலாகப் பலர் தண்ணீரின் மேற்பரப்பில் காற்று வீசும் சிறிய விசிறியைப் பொருத்துகிறார்கள். வியர்வை காயும்போது உடல் குளிர்வதைப் போலவே, தண்ணீர் ஆவியாகும்போது தொட்டியின் வெப்பமும் குறைகிறது. ஆக, விசிறி நன்றாக வேலை செய்கிறது என்றால் தண்ணீரும் வேகமாகக் குறைகிறது என்று பொருள். குளிரூட்டப்பட்ட அறையின் வறண்ட காற்றும் அந்த வேகத்தைக் கூட்டும்.

மீன்கள் தங்கள் உடலில் உள்ள உப்பின் அளவைச் சிறுநீரகம், செவுள் ஆகியவற்றின் உதவியால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பவளம், கடல் சாமந்தி, நட்சத்திர மீன் போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. சுற்றியுள்ள தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறதோ, அதற்கேற்பவே அவற்றின் உடல்நீரும் மாறும். மெதுவான மாற்றத்தை அவை தாங்கும். திடீர் மாற்றம் அவற்றைக் கொன்றுவிடும்.

செக் ஜாவா சொன்ன பாடம்

உப்புச் செறிவு திடீரென மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் கனமழை பெய்து பெருவெள்ளம் ஏற்பட்டது. ஜோகூர் ஆற்றின் வழியே கடலில் கலந்த மழைநீர், புலாவ் உபினின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா கரையோரத்தில் கடல்நீரின் உப்பை வெகுவாகக் குறைத்தது. அங்கிருந்த கடல் சாமந்திகளும் கடற்பஞ்சுகளும் பெருமளவில் மடிந்தன.

அங்கே கலந்தது நச்சுக் கழிவன்று, நன்னீர். பவளத் தொட்டி வைத்திருப்போர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி அது. தண்ணீர் குறைவதும் கேடு; குறைந்த தண்ணீரை ஒரே மூச்சில் நிரப்புவதும் கேடு. ஏடிஓ கருவியின் பயன், நாள் முழுவதும் சிறுகச் சிறுக நிரப்பி, தண்ணீர் மட்டத்தை ஒரே கோட்டில் வைத்திருப்பதுதான்.

நிரப்ப வேண்டியது எந்தத் தண்ணீர்?

புதிதாகத் தொட்டி வைப்போர் செய்யும் பொதுவான தவறு, குறைந்த தண்ணீருக்கு ஈடாக உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றுவது. உப்புத் தொட்டியிலேயே இருப்பதால் நிரப்பும் தண்ணீர் உப்பில்லாததாக இருக்க வேண்டும். உப்புநீர் தேவைப்படுவது, பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிய தண்ணீர் மாற்றும்போது மட்டுமே.

அதற்காகக் குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றவும் கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் தண்ணீர் நாம் அச்சமின்றிக் குடிக்கத் தக்கது. அதில் கிருமிகளை ஒடுக்கக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. அது மீன்களின் செவுள்களுக்கும் முதுகெலும்பற்ற உயிரினங்களுக்கும் தீங்கானது. சாதாரணக் குளோரினைப் போல ஓரிரவு திறந்து வைத்தால் குளோரமின் போய்விடாது.

ஆகையால் ‘ஆர்ஓடிஐ’ தண்ணீரையே பயன்படுத்துகிறார்கள். கரி வடிகட்டி, நுண்சவ்வு, அயனிகளை நீக்கும் பிசின் ஆகிய மூன்றையும் கடந்து வரும் தண்ணீர் அது. குளோரமின் உடையும்போது வெளிப்படும் அம்மோனியாவைக் கடைசிப் பிசின் பிடித்துவைக்கும். கரைந்துள்ள பொருள்களை அளக்கும் ‘டிடிஎஸ்’ கருவி பூச்சியம் அல்லது அதையொட்டிய எண்ணைக் காட்ட வேண்டும். வீட்டில் இந்த வடிகட்டி இல்லாதவர்கள் கடல்மீன் விற்கும் கடைகளில் இந்தத் தண்ணீரைக் கலன்களில் வாங்கலாம்.

கருவியில் என்னென்ன இருக்கும்?

கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஏடிஓ புதிதன்று. தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்குகிறது, அடைப்பான் திறக்கிறது. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறி அடைப்பான் மூடுகிறது. அதே தத்துவம்தான் இங்கும்.

மின்சாரத்தில் இயங்கும் ஏடிஓவில் நான்கு பாகங்கள் உண்டு. தண்ணீர் மட்டத்தைக் கவனிக்கும் உணர்கருவி, முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, சிறிய பம்ப், நன்னீர் நிரம்பிய கலன். உணர்கருவி இரண்டு வகைப்படும். மிதவைச் சுவிட்ச் விலை மலிவு. ஆனால் அதன் தண்டில் உப்புப் படிந்தாலோ நத்தை ஏறி உட்கார்ந்தாலோ சிக்கிக்கொள்ளும். ஒளி உணர்கருவியில் அசையும் பாகம் இல்லை. ஆனால் அதன் முனையில் பாசி படர்ந்தால் தண்ணீர் இருப்பதையும் இல்லாததையும் பிரித்தறியத் தடுமாறும். எதை வாங்கினாலும் வாரம் ஒருமுறை துடைப்பது கட்டாயம். சுண்ணாம்புப் படிவு இருந்தால் கருவியைக் கழற்றி, நீர்த்த வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, வழக்கமான மட்டத்துக்குச் சற்று மேலே பொருத்தப்படும் இரண்டாவது உணர்கருவி. முதலாவது பழுதானால் இது பம்ப்பை நிறுத்தும். மற்றொன்று, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பம்ப் ஓடினால் தானாக நிறுத்தி ஒலியெழுப்பும் நேரக் கட்டுப்பாடு. இவ்விரண்டும் இல்லாத கருவி ஒரே ஓர் உணர்கருவியின் தயவில் ஓடுகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

கருவி வாங்குவதற்குமுன் ஒரு வாரம் ஒதுக்கி, தொட்டி நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் இழக்கிறது என்று அளக்க வேண்டும். சரியான மட்டத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு நாடாத் துண்டை ஒட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அந்தக் கோடுவரை ஆர்ஓடிஐ தண்ணீரை அளந்து ஊற்றி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விசிறி ஓடும் நாள், ஓடாத நாள், குளிரூட்டி இயங்கிய இரவு எனக் கணக்கு மாறுவது தெரியும்.

தொட்டியின் பரப்பையும் கணக்கிட வேண்டும். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 40 சென்டிமீட்டர் என்றால் மேற்பரப்பு 2,400 சதுர சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 2.4 லிட்டர். உணர்கருவி 2 மில்லிமீட்டர் இறக்கத்தை உணர்ந்து பம்ப்பை இயக்கினால், ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே தண்ணீர் சேரும். பவளங்கள் அந்த மாற்றத்தை உணர்வதுகூட இல்லை.

பெரிய கலன் வசதி. சிறிய கலன் பாதுகாப்பு

நன்னீர்க் கலன் பெரிதாக இருந்தால் அடிக்கடி நிரப்ப வேண்டியதில்லை என்று நினைப்பது இயல்பு. ஆனால் கலனின் கொள்ளளவை முடிவுசெய்யும்போது வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: கருவி பழுதாகி, கலனில் உள்ள தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் போய்விட்டால் என்ன ஆகும்?

60 லிட்டர் தொட்டிக்குள் 25 லிட்டர் நன்னீர் புகுந்தால், முழுவதும் தொட்டியிலேயே தங்கினாலும்கூட உப்புச் செறிவு 35லிருந்து 25க்கும் கீழே விழும். உண்மையில் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடும். வீவக வீட்டில் அது கீழ்வீட்டாரின் கூரைவரை போகும் பிரச்சினை.

அதே தொட்டிக்கு 10 லிட்டர் கலன் வைத்தால், முழுவதும் கொட்டினாலும் செறிவு 30க்குக் குறையாது. உயிர்களுக்கு அது துன்பம்தான், ஆனால் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளக்கூடியது. தண்ணீர் மட்டத்துக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையே நாலரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், அந்த 10 லிட்டரும் தொட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். தரை நனையாது. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் இழக்கும் தொட்டிக்கு அந்தக் கலன் ஆறு நாளுக்குப் போதும்.

எந்த உணர்கருவியும் ஒருநாள் பழுதாகும். தொட்டியில் உள்ள காலி இடத்தைவிடக் கலனின் கொள்ளளவு குறைவாக இருந்தால், அந்த ஒருநாள் பேரிழப்பாக முடியாது.

குழாய் முனையை எங்கே வைப்பது?

தரை நனைந்த சம்பவங்களில் பலவற்றுக்குக் காரணம் மின்னணுப் பழுதன்று. ஒரு சிறிய குழாயின் முனை. கலனில் உள்ள தண்ணீர் மட்டம் குழாய் முனையைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக வழிந்துகொண்டே இருக்கும். வாளியிலிருந்து இரப்பர்க் குழாயால் தண்ணீர் இறக்குவது போன்ற அதே விளைவுதான். கட்டுப்பாட்டுப் பெட்டி பம்ப்பை நிறுத்திவிட்டதாக நினைக்கும். கலன் காலியாகும்வரை தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கலன் தாழ்வாக இருந்து, குழாய் முனை தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் தொட்டியின் கடல்நீர் கலனுக்குள் திரும்பி வரும். நன்னீர்க் கலன் உப்புநீர்க் கலனாகிவிடும்.

இரண்டுக்கும் ஒரே விதி போதும். கலனைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் வையுங்கள். குழாய் முனை தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, காற்றில் இருக்கட்டும். தண்ணீர் சொட்டுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். முனை நழுவி விழாதபடி கவ்வியால் இறுக்குங்கள்.

பின்னறை உள்ள தொட்டிகளில் கூடுதல் கவனம்

வடிகட்டி அறைகள் பின்பக்கத்திலேயே அமைந்த சிறிய தொட்டிகள் இப்போது பரவலாக விற்கப்படுகின்றன. அவற்றில் முன்பக்கத்தில் மட்டம் மாறுவதே இல்லை. ஆவியாகும் தண்ணீர் முழுவதும் பம்ப் இருக்கும் கடைசி அறையிலிருந்தே குறைகிறது. அந்த அறை 15க்கு 10 சென்டிமீட்டர் பரப்பு என்றால், ஒன்றரை லிட்டர் இழப்புக்கு மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கும். ஒரே நாளில் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கி, சூடேறிப் பழுதாகலாம். ஆகவே இவ்வகைத் தொட்டிகளில் உணர்கருவியை அந்தக் கடைசி அறையில்தான் பொருத்த வேண்டும்.

ஆனால் அங்கே ஒரு பொறியும் இருக்கிறது. வடிகட்டிப் பஞ்சு அழுக்கால் அடைத்துக்கொண்டால், கடைசி அறைக்குத் தண்ணீர் வருவது குறைந்து அங்கே மட்டம் இறங்கும். தண்ணீர் ஆவியாகவில்லை, முன்பக்கத்தில் தேங்கி நிற்கிறது. இந்த வேறுபாடு உணர்கருவிக்குத் தெரியாது. அது நன்னீரைச் சேர்த்துக்கொண்டே இருக்கும், உப்புச் செறிவு விழும். எனவே பஞ்சை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அலசுவதும் ஏடிஓ பராமரிப்பில் அடங்கும்.

தண்ணீர் மாற்றும் நாளிலும் இதே கதைதான். பழைய தண்ணீரை எடுக்கத் தொடங்கியதும் மட்டம் இறங்கும், கருவி நன்னீரை நிரப்ப முனையும். தண்ணீர் மாற்றுமுன் ஏடிஓவை நிறுத்த வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் இயக்க வேண்டும்.

கொசுவும் மின்சாரமும்

அசையாமல் நிற்கும் தெளிந்த தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். ஏடிஓ கலன் அதற்கு அப்படியே பொருந்துகிறது. இறுக்கமான மூடி இல்லாத கலனில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். இனப்பெருக்கம் கண்டறியப்பட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிட, வீட்டில் யாருக்கேனும் டெங்கிக் காய்ச்சல் வந்தால் ஏற்படும் துன்பம் பெரிது. மூடியில் குழாய்க்குத் தேவையான அளவு மட்டும் துளையிட்டு, சுற்றியுள்ள இடைவெளியைப் பஞ்சால் அடைத்துவிடலாம்.

உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் இது என்பதையும் மறக்கக் கூடாது. 12 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் பம்ப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதன் மின்மாற்றியில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்கம்பியைச் செருகுவாய்க்குக் கீழே தொங்கும்படி வளைத்துவிட்டால், கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், செருகுவாய்க்குள் போகாது. பழைய வீடுகளில் வசிப்போர், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ‘ஆர்சிசிபி’ கருவி வீட்டில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

பயணத்துக்கு முந்திய நாளில் பொருத்த வேண்டாம்

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ வெளியூர் செல்வோர் புறப்படும் அவசரத்தில் கருவியைப் பொருத்திவிட்டுப் போவது ஆபத்தானது. குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே பொருத்தி, வீட்டில் இருக்கும்போதே சோதிக்க வேண்டும்.

முதல் சோதனை, உணர்கருவியைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்குவது. பம்ப் ஓடத் தொடங்கி, குறித்த நேரத்தில் தானாக நின்று ஒலியெழுப்புகிறதா என்று கவனிக்க வேண்டும். தொட்டியில் நன்னீர் சேராதிருக்க, இச்சோதனையின்போது குழாய் முனையை வெறும் வாளிக்குள் விட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பின் மின்சாரத்தைத் துண்டித்து, குழாயில் தண்ணீர் உடனே நிற்கிறதா என்று பார்ப்பது. இதைக் குழாய் முனை அதற்குரிய இடத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். மூன்றாவது, மின்தடை ஏற்பட்டதுபோல் எல்லாக் கருவிகளையும் அணைத்து, மீண்டும் இயக்கி, மட்டம் பழைய கோட்டுக்கே வருகிறதா என்று பார்ப்பது.

ஆறு நாளுக்குப் போதுமான கலனை நம்பி பத்து நாள் பயணம் போக முடியாது. பெரிய கலன் வாங்குவதைவிட, இடையில் ஒருமுறை வந்து கலனை நிரப்பும்படி உறவினர் அல்லது அண்டைவீட்டாரிடம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது. தேவையான தண்ணீரை அளந்து போத்தல்களில் வைத்து, “இதைக் கலனில் மட்டும் ஊற்றவும்” என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் குழப்பம் இராது.

சுண்ணாம்புத் தண்ணீர் பற்றி ஓர் எச்சரிக்கை

பவளங்கள் தங்கள் எலும்புக்கூட்டைக் கட்டக் கால்சியம் தேவை. அதற்காகச் சிலர் ஏடிஓ கலனில் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துவிடுகிறார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியல்படி இதே பொருள்தான். ஆனால் தொட்டிக்கென விற்கப்படும் தூய பொருளையே பயன்படுத்த வேண்டும். நிறைசெறிவுள்ள சுண்ணாம்புத் தண்ணீரின் காரத்தன்மை 12ஐத் தாண்டும். கண்ணிலும் தோலிலும் படக் கூடாது. கருவி பழுதாகி அது மொத்தமாகத் தொட்டிக்குள் போனால் உப்புக் குறைவதோடு காரமும் ஏறி, இழப்பு பன்மடங்காகும். புதியவர்கள் முதல் சில மாதங்களுக்கு வெறும் நன்னீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கருவி பார்க்காதது

ஏடிஓ பார்ப்பது தண்ணீரின் மட்டத்தை மட்டுமே. உப்பு எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. விளிம்பில் படியும் உப்பு, நுரை பிரிக்கும் கருவி வெளியேற்றும் அழுக்குநீர் ஆகியவற்றோடு உப்பும் வெளியேறுகிறது. கருவியோ அந்த இழப்பையும் நன்னீரால் ஈடுசெய்கிறது. ஆகவே பல வாரங்களில் உப்புச் செறிவு மெல்லக் குறையலாம். ஒளிவிலகல்மானியால் வாரம் ஒருமுறை அளந்து பார்ப்பதும், அந்த மானியை 35 செறிவுள்ள அளவைத் திரவத்தால் அவ்வப்போது சரிபார்ப்பதும் இதற்குத் தீர்வு.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஒருநாள் வீடு திரும்பும்போது தண்ணீர் குறைந்திருந்தால், வாளியைத் தேட வேண்டாம். முதலில் உப்பை அளக்க வேண்டும். பம்ப் காற்றை இழுத்தால் அதை அணைத்துவிட்டு, தண்ணீரை அசைக்க வேறொரு சிறிய பம்ப்பையோ காற்றுக் கல்லையோ ஓடவிட வேண்டும். பிறகு ஆர்ஓடிஐ தண்ணீரை அரை அரை லிட்டராக, ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொண்டு, பழைய கோடுவரை நிரப்ப வேண்டும். ஐந்து நாளில் மெல்ல ஏறிய உப்பை ஐந்து நிமிடத்தில் இறக்காதிருந்தால், சுருங்கிய பவளங்கள் மீண்டும் விரிய வாய்ப்பு இருக்கிறது.